தெளிந்ததெல்லாம் தூயதா?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டது. ரயில்வே வந்ததும் அதில் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் அந்தப் பகுதியில் குடியேறின. அக்குடும்பங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பே கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை, தண்ணீர், சிறிது ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை ஆகியவற்றைச் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊற வைப்பார்கள். நுரைத்துப் பொங்கி அடங்கிய பிறகு துணியில் வடிகட்டினால் கிடைப்பது கலங்கிய, சேற்று நிறத் திரவம். துணியை நான்காக மடித்து வடித்தாலும் கலங்கல் போகாது. அப்போது வீட்டுப் பெரியவர் ஒரு முட்டையின் வெள்ளைக் கருவை அடித்து ஜாடியில் கலந்து மூடி வைப்பார். சில நாட்கள் கழித்துத் திறந்தால், மேலே மாணிக்கம் போலத் தெளிந்த ஒயின். அடியில் ஒரு படலம் கசடு.

இப்போது ராயபுரத்தின் கடற்கரைப் பக்கம் வாருங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் மீன்களில் கத்தாழையும் பன்னாவும் உண்டு. இவற்றின் வயிற்றுக்குள் 'நெட்டி' எனப்படும் காற்றுப் பை இருக்கிறது. மீன் நீரில் மிதக்கும் உயரத்தைச் சரி செய்து கொள்வது இதனால்தான். மற்றக் குடலையெல்லாம் கழித்துவிட்டாலும் நெட்டியை எவரும் எறிவதில்லை. உலர்ந்த நெட்டிக்கு நல்ல விலை உண்டு. கிழக்காசிய நாடுகளில் அது சூப்புக்குப் போகிறது. ஐரோப்பாவிலோ நெடுங்காலமாக ஒயினையும் பீரையும் தெளிய வைக்க மீன் நெட்டியைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

துணியால் முடியாததை முட்டையும் மீன் நெட்டியும் எப்படிச் செய்கின்றன? அவ்வாறு தெளிந்த திரவம் உண்மையில் தூய்மையானதா? முதல் கேள்வி ஒயினைப் பற்றியது. இரண்டாவது கேள்வி நம் வீட்டுக் குடத்து நீருக்கும் பொருந்தும். எனவே இரண்டையும் சேர்த்தே காண்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். இக்கட்டுரை அதற்கான செய்முறை அன்று; ஒரு திரவம் தெளிவதன் விஞ்ஞானத்தைக் கூறுவதே இதன் நோக்கம்.

கலங்கல் எதனால் உண்டாகிறது?

ஓட்டு வீட்டின் கூரைத் துவாரம் வழியே வெயில் விழும்போது, அந்த ஒளிக்கற்றையில் தூசிகள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டு நாலாபுறமும் சிதறுவதால்தான் அவை நம் கண்ணுக்குத் தெரிகின்றன. கலங்கிய திரவத்திலும் இதுவே நடக்கிறது. இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜான் டிண்டல் என்ற விஞ்ஞானியின் பெயரால் இது 'டிண்டல் விளைவு' என்று வழங்கப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் கலங்கலை அளக்கும் கருவியும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. திரவத்தினுள் ஒளியைப் பாய்ச்சி, பக்கவாட்டில் எவ்வளவு சிதறுகிறது என்று அது கணக்கிடும்.

புளித்து முடிந்த திராட்சைச் சாற்றில் மிதக்கும் பொருள்கள் பல. அவற்றின் அளவை மைக்ரானில் கூறுவது வசதி. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். திராட்சைச் சதைத் துணுக்குகள் இதைவிடப் பெரியவையாகவும் இருக்கும், சிறியவையாகவும் இருக்கும். சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றிய ஈஸ்ட் செல்கள் 5 முதல் 10 மைக்ரான் வரை. பாக்டீரியாக்கள் ஏறத்தாழ ஒரு மைக்ரான். பழத்திலிருந்து வந்த புரதங்கள் ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆல்கஹால், சர்க்கரை, அமிலம் ஆகியவற்றின் மூலக்கூறுகளோ ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த ஏணிப்படியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இதே ஏணியில்தான் இறங்கப் போகிறோம்.

முதல் வழி: காத்திருத்தல்

புளிக்கரைசலை அசையாமல் வைத்து, அடியில் மண் தங்கியதும் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றிக் கொள்கிறோம். பள்ளிப் பாடத்தில் இதற்குத் 'தெளியவைத்து இறுத்தல்' என்று பெயர். ஒயின் தயாரிப்பிலும் இதுதான் முதல் வேலை. பீப்பாயின் அடியில் மண்டி தங்கியதும் மேல் திரவத்தைக் குழாய் மூலம் மற்றொரு பீப்பாய்க்கு மாற்றுவார்கள்.

ஆனால் சிறிய துகள்கள் எளிதில் இறங்குவதில்லை. துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் கால்பங்காகிவிடும் என்பது ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கண்ட விதி. இக்கணக்குப்படி 5 மைக்ரான் ஈஸ்ட் செல் ஒயினில் ஒரு நாளைக்குச் சில அங்குலங்கள் இறங்கும். ஒரு மைக்ரான் பாக்டீரியாவோ ஒரு நாளில் சில மில்லிமீட்டர் மட்டுமே நகரும். இன்னும் சிறிய புரதத் துகள்களைச் சுற்றியுள்ள திரவ மூலக்கூறுகள் ஓயாமல் மோதித் தள்ளிக் கொண்டே இருக்கும். ஆகையால் அவை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அடியில் தங்குவதில்லை. மேலும், இவற்றில் பல ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்று சேர்ந்து பெரிதாவதும் இல்லை. இத்தகைய நிலையைக் 'கூழ்மம்' என்கிறோம்.

இரண்டாம் வழி: பிணைத்து இறக்குதல்

தானாக இறங்காததை இறக்க வேண்டுமானால், துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிதாக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக் கரு செய்தது இதைத்தான்.

ஒயின் புளிப்பான திரவம். அத்தகைய திரவத்தில் முட்டைப் புரதம் நேர் மின்னூட்டம் பெறுகிறது. ஈஸ்ட் செல்களின் மேற்பரப்போ எதிர் மின்னூட்டம் உடையது. ஆகவே இரண்டும் ஒட்டிக் கொள்கின்றன. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் புரதத்தோடு எளிதில் பிணையும். இவ்வாறு சேர்ந்து சேர்ந்து பஞ்சுத் திரள் போன்ற கட்டிகள் உருவாகி, வழியில் உள்ள மற்றத் துகள்களையும் வாரிக்கொண்டு அடியில் இறங்குகின்றன. பிரான்ஸ் நாட்டின் போர்தோ பகுதியில் பீப்பாய் ஒன்றுக்குச் சில முட்டைகள் என்ற கணக்கில் இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

மீன் நெட்டியின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதம். கயிறு போல முறுக்கிய நீண்ட இழைகளால் ஆனது அது. நெட்டியை நறுக்கி, குளிர்ந்த அமில நீரில் ஊற வைத்தால் இழைகள் பிரிந்து பரவும். பின்னர் ஒயினில் கலந்தால் மீன்வலை போலத் துகள்களை வளைத்துக் கொண்டு இறங்கும். ஊற வைக்கும்போது வெப்பம் ஏறக் கூடாது. ஏறினால் முறுக்கு அவிழ்ந்து கொல்லாஜன் வெறும் ஜெலட்டினாக மாறிவிடும், வலை அறுந்துவிடும்.

டானினும் கொல்லாஜனும் பிணையும் இந்த வினை நமக்குப் புதியதன்று. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் கொல்லாஜனால் ஆனவை. ஆவாரம் பட்டையில் உள்ளது டானின். பட்டை ஊறிய நீரில் தோலைப் போட்டால் இரண்டும் இறுகப் பிணைந்து, அழுகாத பதனிட்ட தோல் கிடைக்கிறது. தமிழ்நாட்டுத் தோல் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததும், மீன் நெட்டி ஒயினில் செய்வதும் ஒரே வேதியியல்தான். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பதும் இதனால்தான். அங்கே டானினோடு பிணைவது நம் உமிழ்நீரின் புரதம்.

மிட்டாய்க் கடைக்காரர் சர்க்கரைப் பாகு கொதிக்கும்போது கொஞ்சம் பால் விடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பாலின் கேசீன் என்னும் புரதம் திரிந்து, பாகில் உள்ள அழுக்கைப் பற்றிக் கொண்டு நுரையாக மேலே வரும். அதைக் கரண்டியால் எடுத்து எறிந்துவிடுவார். ஒயின் ஆலைகளிலும் கேசீன் பயன்படுகிறது. நம் கிராமங்களில் கலங்கிய நீர்க் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைப்பதும் இவ்வகையே. இப்பழக்கத்தைச் சங்கப் புலவர்களே அறிந்திருந்தனர். படிகாரம் போட்டால் சேற்று நீர் தெளிவதற்கும் மின்னூட்டமே காரணம். படிகாரத்திலிருந்து வரும் அலுமினிய அயனிகள் நேர் மின்னூட்டம் கொண்டவை. களிமண் துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை.

புரதமே கலங்கலுக்குக் காரணமாக இருந்தால் என்ன செய்வது? வெள்ளை ஒயினில் இந்தத் தொல்லை அதிகம். புட்டியில் அடைக்கும்போது தெளிவாக இருக்கும் ஒயின், வெயிலில் சூடேறினால் திடீரென்று மங்கிவிடும். கொதிநீரில் முட்டை வெளுப்பதைப் போல, ஒயினில் உள்ள பழப் புரதமும் வெப்பத்தில் திரிந்து திரள்வதே இதற்குக் காரணம். இதற்கு மருந்து பென்டோனைட் என்ற களிமண். இது எதிர் மின்னூட்டம் உடையது. ஆகவே நேர் மின்னூட்டப் புரதங்களை இழுத்துக் கொள்ளும். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அல்லது அதற்கும் குறைவாகவே தேவைப்படும். இம்மண் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் கிடைக்கிறது. எண்ணூர்ப் பக்கம் வார்ப்பாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய பொருள்தான். வார்ப்பு அச்சுக்கான மணலைப் பிடித்து நிறுத்துவதற்கு இதே மண்ணைச் சேர்ப்பது வழக்கம்.

பிணைத்து இறக்குவதில் அளவு மிக முக்கியம். தேவைக்கு மேல் போட்டால், போட்ட பொருளே மிதந்து புதிய கலங்கலை உண்டாக்கும். நிறமும் மணமும் கூடக் குறையும். ஆகவே முதலில் சிறு சிறு குவளைகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்த்து, மிகக் குறைந்த அளவில் தெளிவது எதுவோ அதையே பெரிய தொட்டிக்குக் கணக்கிடுவார்கள். முட்டையும் பாலும் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கக் கூடியவை. எனவே அவற்றின் எச்சம் ஒயினில் இருந்தால் புட்டியின் மேல் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2012 முதல் ஐரோப்பிய நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. பட்டாணியிலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் எடுத்த தாவரப் புரதங்களும் இப்போது பயன்படுகின்றன.

மூன்றாம் வழி: வடிகட்டுதல்

வடிகட்டி என்றதும் சல்லடையையே நினைக்கிறோம். ஓட்டையைவிடப் பெரியது நிற்கும், சிறியது போய்விடும் என்று எண்ணுகிறோம். ஆனால் காப்பி வடிகட்டியை எடுத்துப் பாருங்கள். அதன் துளைகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு பெரியவை. காப்பித் தூளில் அந்தத் துளையைவிடச் சிறிய துணுக்குகள் எத்தனையோ உண்டு. இருந்தும் டிகாக்ஷன் ஓரளவு தெளிவாகவே இறங்குகிறது. ஏனெனில் அங்கே வடிகட்டுவது தகட்டின் துளைகள் மட்டும் அல்ல; மேலே அமுங்கிக் கிடக்கும் காப்பித் தூள் படுகையும் சேர்ந்தே வடிகட்டுகிறது. நீர் அந்தப் படுகையின் வளைந்து நெளிந்த இடுக்குகளில் புகுந்து வரும்போது நுண்துகள்கள் ஆங்காங்கே மோதி, ஒட்டி, தங்கிவிடுகின்றன. இதை 'ஆழ வடிகட்டல்' எனலாம். சென்னைக் குடிநீருக்காக 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைத்த மணல் வடிகட்டிப் படுகைகளும் இதே தத்துவத்தில் இயங்கியவை.

ஒயின் ஆலைகளில் மணலுக்குப் பதிலாக 'டயட்டம் மண்' பயன்படுகிறது. டயட்டம் என்பது நீரில் வாழும் ஒற்றைச் செல் பாசி. அதன் கூடு சிலிக்காவினால் ஆனது. எண்ணற்ற நுண்துளைகள் உடையது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் மடிந்த டயட்டங்களின் கூடுகள் ஏரிகளின் அடியிலும் கடலடியிலும் படிந்து வெள்ளை மண்ணாகியிருக்கின்றன. ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோ கிளிசரினை உறிஞ்ச வைத்து டைனமைட் செய்தது இந்த மண்ணைக் கொண்டே. இம்மண்ணை ஒயினில் கலந்து சல்லடைத் தட்டுகளின் மேல் செலுத்தினால் முதலில் ஒரு மெல்லிய படுகை உருவாகும். தொடர்ந்து வரும் ஒயினில் சிறிது சிறிதாக மண் சேர்ந்து கொண்டே இருக்கும். கசடு படிந்து படுகை அடைபடுவதற்குள் அதன் மேல் புதிய படுகை தோன்றிவிடும்.

இந்த இடத்தில் தொழிலாளரை மறக்கக் கூடாது. டயட்டம் மண்ணை உயர் வெப்பத்தில் சுட்டுப் பதப்படுத்தும்போது அதில் படிகச் சிலிக்கா உண்டாகிறது. அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். மூட்டை பிரிக்கும் இடத்தில் முகக் கவசமும் காற்றுப் போக்கும் கட்டாயம் வேண்டும். இதைவிடக் கசப்பான வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒயின் வடிகட்டித் தாள்களில் கல்நார் இழைகளைச் சேர்த்தார்கள். ஒயின் பளிச்சென்று தெளிந்தது. கல்நார் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பிறகே அது கைவிடப்பட்டது. இன்று தாள்கள் மரநாரால் செய்யப்படுகின்றன.

நான்காம் வழி: சவ்வு

ஒயின் தெளிந்துவிட்டாலும் அதில் ஓரிரு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் எஞ்சியிருந்தால், புட்டிக்குள் அவை பெருகி ஒயினைக் கெடுத்துவிடும். ஒயின் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் 1860-களில் நிறுவினார். அவருடைய உதவியாளரான சார்லஸ் சேம்பர்லேண்ட் 1884-இல் சுட்ட பீங்கானால் ஒரு குழாய் வடிகட்டி செய்தார். அதன் துளைகள் பாக்டீரியாவைவிடச் சிறியவை. நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வெள்ளையாக நிற்குமே 'கேண்டில் ஃபில்டர்', அது இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த வடிகட்டி எதிர்பாராத ஒரு பாடத்தையும் கற்பித்தது. ரஷ்ய விஞ்ஞானி திமீத்ரி இவனோவ்ஸ்கி 1892-இல், நோய் கண்ட புகையிலை இலையின் சாற்றை இதில் வடிகட்டினார். சாறு தெளிவாக இறங்கியது. அதில் பாக்டீரியா எதுவும் இல்லை. ஆனால் அத்தெளிந்த சாற்றை நல்ல செடியில் தடவியபோது அச்செடிக்கும் நோய் வந்தது. வடிகட்டியில் சிக்காத அந்தப் பொருள்தான் பின்னர் வைரஸ் எனப்பட்டது. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இன்றைய ஒயின் ஆலைகளில் கடைசிக் காவல், நெகிழிச் சவ்வு. இதன் துளைகள் பெரும்பாலும் 0.45 மைக்ரான். ஈஸ்ட்டும் ஒயினைக் கெடுக்கும் பாக்டீரியாவும் இதைத் தாண்ட முடியாது. ஆனால் ஓட்டை விழுந்த சவ்வைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாதே? அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. சவ்வை நனைத்து, ஒரு பக்கத்திலிருந்து காற்றழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். துளைகளில் உள்ள நீரைப் பரப்பு இழுவிசை பிடித்து வைத்திருக்கும். துளை சிறியதாக இருக்க இருக்க, அந்நீரை வெளியே தள்ள அதிக அழுத்தம் வேண்டும். குறித்த அழுத்தத்துக்கு முன்பே குமிழி வந்தால் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது என்று பொருள். சவ்வை மாற்றிவிட வேண்டியதுதான்.

கலங்கிய ஒயினை நேரே சவ்வில் விட்டால் சில நிமிடங்களில் அடைத்துக் கொள்ளும். ஆகவே தெளிய வைத்தல், பிணைத்து இறக்குதல், மண் படுகை, தாள் ஆகிய படிகளைக் கடந்த பிறகே சவ்வுக்கு அனுப்புவார்கள். இன்னொரு வழியும் உண்டு. ஒயினைச் சவ்வின் மேல் நேராக அழுத்தாமல், சவ்வை உரசிக் கொண்டு பக்கவாட்டில் வேகமாக ஓட விடுவது. ஆற்றின் ஓட்டம் கரையோர மண்ணை அரித்துச் செல்வது போல, ஒயினின் ஓட்டமே கசடைப் பெயர்த்துக் கொண்டு போகும். தெளிந்த பகுதி மட்டும் சவ்வின் வழியே கசியும். இதற்குக் 'குறுக்கோட்ட வடிகட்டல்' என்று பெயர்.

காட்டுப்பள்ளியில் நடப்பது

ஏணியின் கடைசிப் படியைக் காண எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே 2010-இல் இயங்கத் தொடங்கிய மீஞ்சூர்க் கடல்நீர் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடன் அமைக்கப்பட்டது. கடல்நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கரைந்த உப்பை மணலும் தாளும் 0.45 மைக்ரான் சவ்வும் தடுக்கவே முடியாது.

இதற்கு 'எதிர்ச் சவ்வூடு பரவல்' என்னும் முறை வேண்டும். நீர் மூலக்கூறுகளை விட்டு உப்பை நிறுத்தும் சவ்வின் ஒரு பக்கம் நன்னீரும் மறுபக்கம் கடல்நீரும் இருந்தால், இயற்கையாக நன்னீர்தான் கடல்நீர்ப் பக்கம் பாயும். அதைத் தடுத்து எதிர்த்திசையில் ஓட வைக்க, காற்றழுத்தத்தைப் போல அறுபது மடங்கு வரை அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஏற்ற சவ்வை 1960-ஐ ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் சிட்னி லோப்; மற்றவர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் குடிக்கும் நீருக்குப் பின்னால் இந்தப் பெயர் இருக்கிறது.

இத்தகைய ஆலைகளில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில் இரும்பு உப்பு போன்றவற்றைச் சேர்த்துத் துகள்களைத் திரட்டுகிறார்கள், பின்பு மணல் படுகை, அடுத்து சில மைக்ரான் அளவுள்ள வடிகட்டிகள், கடைசியில் சவ்வு. ஒயின் ஆலையின் அதே வரிசைதான். கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரை இவ்வாறே படிப்படியாகச் சுத்திகரித்து மணலி வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர். ஒயின் ஆலைகளும் இந்தச் சவ்வை விட்டுவைக்கவில்லை. ஒயினிலிருந்து ஆல்கஹாலைக் குறைக்க இது பயன்படுகிறது.

எது தப்பிச் செல்கிறது?

ஒவ்வொரு வடிகட்டியும் தன் அளவுக்கு உட்பட்டதை மட்டுமே நிறுத்துகிறது. மற்றது கண்ணுக்குத் தெரியாமல் கடந்து செல்கிறது. இதை மறந்தால் விளைவு சில வேளைகளில் உயிரோடு போய்விடும்.

மெத்தனால் என்னும் நச்சு ஆல்கஹாலை எடுத்துக்கொள்வோம். அது நீரைப் போலத் தெளிவானது. அதன் மூலக்கூறு 0.45 மைக்ரான் துளையைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சிறியது. துணி, கரி, மண், பீங்கான் எதுவும் அதை நிறுத்தாது. கடல் உப்பை நிறுத்தும் சவ்விலும் அதன் பெரும்பகுதி கடந்துவிடும். உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதத்திலும், கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதத்திலும் நடந்த சாவுகளுக்கு இதுவே காரணம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'நன்றாக வடிகட்டிய சரக்கு, பார் எவ்வளவு தெளிவாக இருக்கிறது' என்ற பேச்சுக்கு விஞ்ஞானத்தில் எந்த மதிப்பும் இல்லை. சந்தேகம் எழுந்தால், பார்வை மங்கும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நேரத்தோடு சென்றால் இதற்கு மாற்று மருந்து உண்டு.

குடிநீரும் அப்படித்தான். தண்டையார்பேட்டையில் 2013-இல் சில தெருக்களின் ஆழ்குழாய் நீரில் பெட்ரோலிய எண்ணெய் கலந்து வந்தது. மேலே மிதக்கும் எண்ணெயைக் கண்ணால் காணலாம். நீரில் கரைந்துவிட்ட பென்சீன் போன்றவற்றைக் காண முடியாது. துணியும் படிகாரமும் அவற்றை ஒன்றும் செய்யாது. செறிவூட்டிய கரி ஓரளவு ஈர்த்துக் கொள்ளும். ஆனால் கரி நிறைந்து போன பிறகும் நீர் தெளிவாகவே வரும் என்பதுதான் ஆபத்து. மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது. அங்கே கிணற்று நீர் பளிங்கு போல இருக்கும். வாயில் வைக்க முடியாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கலங்கலுக்கு ஓர் எண்ணும், கரைந்த உப்புகளுக்கு வேறோர் எண்ணும், பாக்டீரியாவுக்கும் ஈயத்துக்கும் தனித்தனி எண்ணும் வைத்திருப்பது இதனால்தான். கலங்கலை மட்டும் பார்த்து முடிவு செய்வது, புத்தகத்தின் அட்டையைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கு ஒப்பாகும்.

செய்து பாருங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கரண்டி களிமண்ணும் ஒரு கரண்டி சமையல் உப்பும் போட்டு நன்கு கலக்குங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சமமாக ஊற்றிக் கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை படிகாரத் தூளைச் சேர்த்து ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கிவிட்டு, இரண்டையும் அசையாமல் வையுங்கள். படிகாரம் சேர்ந்த குவளையில் சிறு சிறு திரள்கள் தோன்றி இறங்குவதைக் காண்பீர்கள். ஒரு மணி நேரம் கழித்து அறையை இருட்டாக்கி, குவளைகளின் பக்கவாட்டில் டார்ச் விளக்கை அடியுங்கள். எந்தக் குவளையில் ஒளிக்கற்றை நன்றாகத் தெரிகிறதோ, அதில் துகள்கள் இன்னும் மிதக்கின்றன.

தெளிந்த குவளையின் மேல் நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு கரண்டி நீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். குடித்துப் பார்க்க வேண்டாம். மாலையில் நீர் வற்றியதும் தட்டைப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்த அந்தத் தெளிந்த நீர், தட்டில் வெள்ளையாக உப்பை விட்டுச் சென்றிருக்கும்.